கிழித்த ஏட்டில் இருந்தது

போன மாதம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. தெருவிலேயே மூத்தவள் என்று என்னையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் பேசியவர், நல்ல நூல்கள் மனிதரைத் திருத்தும் என்று அரைமணி நேரம் பேசினார். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் யாரைத் திருத்தும், எந்தப் பக்கம் திருப்பிவிடும் என்பதில் அந்த மனிதருக்கு ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. நானும் எல்லோரோடும் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து என் அத்தையின் நினைப்பாகவே இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும். அச்சில் வந்த எழுத்து என்றால் நம் வீடுகளில் என்ன மரியாதை இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூட காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அதில் இருப்பது பொய்யாகவும் இருக்கலாம் என்ற யோசனை எங்களில் ஒருவருக்கும் வந்ததில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பீளமேட்டுக்கு வடக்கே, சரவணம்பட்டிக்குப் போகும் வண்டித்தடத்தில் எங்கள் தோட்டம். மில் சங்கு ஊதினால் தோட்டத்தில் கேட்கும். அந்தச் சங்கை வைத்துத்தான் அம்மா சோறு வடிப்பாள். அந்த வருஷம் கிணற்றுப் பாசனத்தில் கம்போடியாப் பருத்தி போட்டிருந்தார்கள். மாசி பிறந்ததும் காய் வெடிக்க ஆரம்பித்தது. காலையில் ஆள்காரப் பெண்கள் வரிசை பிடித்துப் பருத்தி எடுப்பார்கள். வெயில் ஏறியதும் எல்லோரும் சாளைக்கு வந்துவிடுவார்கள். சாளை என்றால் தோட்டத்திலேயே இருந்த எங்கள் ஓலை வேய்ந்த கொட்டகை. அங்கே உட்கார்ந்து எடுத்த பருத்தியை ஆய வேண்டும். சருகு, தூசி, பூச்சி கடித்துக் கறை பட்ட பஞ்சுச் சுளை எல்லாவற்றையும் தனியே பொறுக்கிப் போட வேண்டும். கறை கலந்தால் மில்லில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வயிற்றில் சோறு போனபின் இந்த வேலை தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். பஞ்சு மூக்கில் ஏறும், இமையில் ஒட்டும், ஓலையின் சூடு தலைக்கு மேல் இறங்கும். கை மெதுவாகும், அப்புறம் நின்றே போகும். இதற்கு அம்மா கண்டுபிடித்த வழி நான்தான். ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள், தங்குதடையில்லாமல் வாசிப்பேன். என்னை ஒரு பருத்தி மூட்டைமேல் ஏற்றி உட்கார வைத்துக் கையில் கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். கதை ஓடும் வரைக்கும் ஒருத்தியும் கண் சொக்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் தலைக்கனம் ஏறித்தான் போயிற்று. அத்தனை பெரிய பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் ஏறாது.

புத்தகங்களைக் கொண்டுவருபவர் என் சின்ன மாமன், அம்மாவின் தம்பி. டவுனில் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வரும்போது மலிவு நாவல் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வருவார். ஆனால் அது நேராக என் கைக்கு வராது. முதலில் அப்பாவிடம் போகும்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மழை பொய்த்தாலும் கிணறு வற்றினாலும் கலங்காத மனிதர் புத்தகத்துக்குப் பயப்படுவார். நாவலே வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. முழுதும் படிப்பார். பெண்களுக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றும் ஏடுகளை மட்டும் அடிவரை பிடித்து, தையல் பிரியாமல், சுத்தமாகக் கிழித்துவிடுவார். அவை வெந்நீர் அடுப்புக்குப் போகும். மீதிப் புத்தகம் எனக்கு வரும். மாமன் ஒருமுறை முகம் சுளித்தபோது, “பயிரு நல்ல பயிருதானுங்க மாப்ளே. களைய மட்டும் எடுத்துப்போட்டேன்,” என்றார். என்னிடம் வேறு மாதிரி சொன்னார்: “எழுத்துங்கறது மருந்து கண்ணு. ஆருக்கு எவ்வளவுன்னு பாத்துத்தான் குடுக்கோணும்.”

களை எடுத்த இடத்தில் என்ன முளைத்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. ஒரு கதையில் நாயகியும் நாயகனும் ஆற்றங்கரையில் சந்திக்கும் இடத்தில் இரண்டு ஏடுகள் இல்லை. நான் அடுத்த பக்கத்துக்குத் தாவியதும் மூத்த ஆள்காரி கையை நிறுத்தினாள். “ரெண்டு ஏடு போயிருக்குதுன்னா சங்கதி பெருசாத்தான் இருக்கோணும்,” என்று ஆரம்பித்து அவள் தானாகச் சொன்ன சங்கதியைக் கேட்டு அம்மா ஓடிவந்து என் காதைப் பொத்தினாள். உண்மையில் அந்த ஏடுகளில் ஒருவன் கள் குடித்துவிட்டுப் பாடிய பாட்டுத்தான் இருந்தது என்று பிறகு மாமன் சொன்னார். கள் என்ற சொல்லே வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அப்பாவின் கட்சி.

இனி அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. பல்லடத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. அந்தத் தைப் பொங்கலுக்கு ஒரு துணி மூட்டையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். இடது முன்கையில் தோசைக்கரண்டி அகலத்துக்கு ஒரு சூட்டுத் தழும்பு. “அடுப்புல பட்டுப்போச்சுங்க,” என்று அம்மாவிடம் சொன்னாள். அடுப்பு அங்கே எப்படிப் படும் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாளையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து பருத்தி ஆய்வாள். கதையில் யாராவது அழுதால் மற்றப் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள், அத்தை சுளையிலிருந்து சருகை இன்னும் மெதுவாகப் பிரிப்பாள்.

அத்தையின் கணவர், மாமாவின் பக்கத்தார் ஆள் அனுப்பியிருந்தார்கள். பங்குனி கடைசியில் இரண்டு பெரியவர்கள் வந்து கூட்டிப்போகக் கேட்பார்கள் என்று செய்தி. அப்பா அத்தையைக் கூப்பிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னதை இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் சொல்வேன்.

“போறேன்னு நீ சொன்னாச் சீரோட கொண்டுபோய் உடறேன். மாட்டேன்னு சொன்னா அவங்களை மரியாதையா அனுப்பி வெக்கறேன். ரெண்டுல எதுன்னாலும் இந்த ஊட்டுல உனக்குச் சோறு இருக்குது அம்மணி. உன்ற இஷ்டம்.”

அந்தக் காலத்தில் எந்த அண்ணன் இப்படிச் சொன்னான், நீங்களே சொல்லுங்கள். உறவில் பலர் அப்பாவைப் பைத்தியக்காரன் என்றார்கள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, “பருத்தி முடியட்டுங்க அண்ணா, சொல்றேனுங்க,” என்றாள். ஆக, அந்தப் பருத்திப் பருவம் முழுக்க அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி நடுவில் மாமன் ஒரு புதுக் கதையைக் கொண்டுவந்தார். டவுனில் வியாபாரம் செய்யும் ஒருவன் தன் மனைவியின்மேல் வீணாகச் சந்தேகப்படுகிறான். தானியக் கிடங்கில் வைத்துப் பூட்டுகிறான். அவள் ஒருநாள் விடியற்காலை ரயிலேறித் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறாள். பிறகு அவன் கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறான், திரும்பி வா, வா என்று. அவன் அவளைப் பூட்டிய இடத்தை வாசித்த அன்று அத்தையின் மடியில் ஆய்ந்த பருத்தி குவிந்துகொண்டே போயிற்று, அவள் அதைக் கூடையில் போட மறந்துவிட்டாள்.

கடைசிக் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் அதைக் கையில் வாங்குகிறாள். அந்தப் பக்கம் அங்கே முடிந்தது. நான் திருப்பினேன். பின்னால் ஒன்றும் இல்லை. தையலை ஒட்டி மூன்று ஏடுகளின் அடி மட்டும் நகத்தளவு நின்றுகொண்டிருந்தது.

“அப்பறம்?” என்றாள் அத்தை.

அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எல்லோர் கையும் நின்றுவிட்டது. ‘அப்பா கிழித்துவிட்டார்’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் பதினைந்து பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அச்சில் இருப்பதை வாசிப்பதுபோல மேலே சொன்னேன்.

நாக்குக் கூசாமல் சொன்னேன். பள்ளியில் படித்த நீதிக் கதைகளில் கெட்டவர்கள் கடைசியில் திருந்திவிடுவார்கள். எனக்குத் தெரிந்த முடிவு அது ஒன்றுதான். அவள் மனமிரங்கிக் கணவன் வீட்டுக்குப் போகிறாள். அவளுடைய பொறுமையைக் கண்டு கல்லும் கரைகிறது. ஒருநாள் அவன் அவள் காலடியில் விழுந்து, “உத்தமியே, உன் அருமை அறியாமல் பிழை செய்தேன். இனி நீயே என் குலத்துக்கு விளக்கு,” என்று கதறுகிறான். அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்து நீடூழி வாழ்கிறார்கள். சுபம் என்றுகூடச் சேர்த்துக்கொண்டேன்.

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மூத்த ஆள்காரி, “உணராமயா போவான்,” என்று பெருமூச்சு விட்டாள். அத்தை மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பிடியேவா கண்ணு போட்டிருக்குது?”

“ஆமாங்க அத்தை.”

“அச்சுலயா?”

“அச்சுலதானுங்க.”

பெரியவர்கள் இருவரும் வந்த அன்று அப்பா பந்தலடியில் கட்டில் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிறகு உள்ளே பார்த்து, “அம்மணி, உன்ற முடிவைச் சொல்லு,” என்றார். அத்தை நிலைப்படியில் வந்து நின்றாள். “போறேனுங்க அண்ணா,” என்றாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சீர்க்கூடைகளோடு வண்டி கிளம்பியபோது என் கன்னத்தைத் தடவி, “நல்லாப் படிக்கற கண்ணு,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் கதையால் ஒரு குடும்பம் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பத்து வயதில் மட்டும்தான் மனிதருக்கு அப்படித் தோன்றும் என்பதில்லை, மேடையில் பேசியவருக்கும் தோன்றியதே.

அடுத்த வருஷம் அப்பாவோடு நானும் பல்லடத்துப் பக்கம் போனேன். அத்தை வாசலுக்கு வந்தாள். அவள் இளைத்திருந்தாள். வலது பக்கமாக நின்று பேசினால்தான் அவளுக்குக் காது கேட்டது. இடது காது என்ன ஆயிற்று என்று அப்பா கேட்டார். “சீழ் வெச்சுப்போச்சுங்க அண்ணா,” என்றாள். மாமா எங்களை வாங்க என்று சொல்லிவிட்டுக் காட்டு வேலைக்குப் போனவர் நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. அப்பா, “வந்துர்றியா அம்மணி?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அப்பா மாடு பூட்டப் போனதும் என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனாள்.

“ஏங் கண்ணு, அந்தப் புஸ்தகத்துல, அவ திரும்பிப் போயி எத்தனை வருஷங் கழிச்சு அவன் உணர்ந்தான்?”

 இவள் இந்த அடியையெல்லாம் என் வாயில் வந்த ஒரு முடிவுக்காக வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கிவிட்டது. பதினொரு வயதுக்கு அது போதும். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயம். இவ்வளவு ஆனபிறகு எப்படிச் சொல்வது என்ற பயம்.

“மூணு வருஷங்க அத்தை,” என்றேன்.

“மூணா,” என்றாள். விரலை மடக்கிப் பார்த்தாள். “இன்னும் ரெண்டுதானே.”

முதல் பொய்யை நான் குழந்தை என்று சொல்லி யாராவது மன்னிக்கலாம். இந்த இரண்டாவதை எனக்கு நானே இதுவரை மன்னித்ததில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா, “அவளாப் பாத்து எடுத்த முடிவு. நாம என்ன பண்றது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாளையில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன், கண் வலிக்கிறது என்றேன். அம்மா இரண்டு அடி வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா. கட்டிக் கொடுத்த பெண்களெல்லாம் பிறந்த வீட்டுக்கு வருவது வழக்கம். அத்தையும் வந்தாள். மூன்று நாள் இருந்தாள். எல்லோரோடும் சிரித்துப் பேசினாள், மாவிளக்குக்கு மாவு இடித்தாள். கிளம்ப வேண்டிய அன்று காலை, நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இந்தச் சித்திரையோட மூணு வருஷம் முடிஞ்சுது கண்ணு,” என்றாள். “இன்னும் அவரு மாறலை. போன வாரங்கூட... ஒருவேளை நீ வருஷத்தைத் தப்பா எண்ணிச் சொல்லிட்டயோ?”

கையில் இருந்த துணி வாய்க்காலில் போய்விட்டது. நான் அதை எடுக்கவில்லை. அவளுடைய வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி ஒரு முடிவு அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை, நானாகச் சொன்னது, மூன்று வருஷம் என்றதும் நானாகச் சொன்னது, கடைசி ஏடுகளை அப்பா கிழித்துவிட்டிருந்தார் என்று. அழுதுகொண்டுதான் சொன்னேன். அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறையட்டும் என்றுகூட இருந்தது.

அத்தை அறையாமல் துணி போன பக்கம் பார்த்தாள். பிறகு, “அப்ப அதுல நெசமாலுமே என்ன இருந்துச்சு?” என்றாள்.

“எனக்குத் தெரியாதுங்க அத்தை.”

எழுந்து விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே வண்டியில் மாடு பூட்டியாகிவிட்டது. அவளுடைய மூட்டை உள்ளே ஏறியிருந்தது. அப்பா உட்காருவதற்கு வைக்கோலைத் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். அத்தை அண்ணனிடம் எதிரில் நின்று கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று நின்றாள்.

“அண்ணா, அந்த வியாபாரி பொண்டாட்டி கதையில கடைசி ஏட்டைக் கிழிச்சீங்களே. அதுல என்ன போட்டிருந்துதுங்க?”

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. “எந்தக் கதை?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். எத்தனையோ கதை படித்த மனிதர், மறந்துபோயிற்று என்று சொல்லியிருக்கலாம்.

“அவ போகலை அம்மணி,” என்றார். “கடுதாசியப் பிரிக்காமயே அடுப்புல வெச்சுப்போட்டா. தையல் வேலை செஞ்சு தனியாப் பொழச்சா. அவ்வளவுதான் போட்டிருந்துச்சு.”

“அதை ஏனுங்க கிழிச்சீங்க?”

“உன்ற முடிவை நீதான் எடுக்கோணும், ஒரு புஸ்தகம் எடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“புஸ்தகத்தைக் கேட்டுத்தானுங்க அண்ணா நான் போனேன்,” என்றாள் அத்தை.

என்ன கேட்டாள், யார் சொல்லக் கேட்டாள் என்பதை அவள் சொல்லவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானே சொன்னேன், அப்பா காலைப் பார்த்துக்கொண்டு, திக்கித் திக்கி. அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வண்டிச் சக்கரத்தின்மேல் சாய்ந்து நின்றார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். என் அப்பா அழுது நான் பார்த்தது அது ஒருமுறைதான். அவர் சாகும்வரை அதன்பின் எந்தப் புத்தகத்திலும் ஓர் ஏட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே போய் நுகத்தடியைத் தூக்கி மாடுகளை அவிழ்த்துவிட்டார். ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் போயிற்று, மற்றது அங்கேயே நின்று வைக்கோலை மென்றது. அத்தை வண்டியில் ஏறித் தன் மூட்டையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தாண்டும்போது நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“நாளைக்கு இருந்து எனக்கு எழுத்துச் சொல்லிக் குடு கண்ணு,” என்றாள். “இனி ஆரு படிச்சும் நான் கேக்க மாட்டேன்.”